சங்கின் மேல் படிந்த சாயம்: பினாங்கின் எச்சரிக்கை ஒலிக்கருவிகளும் அவற்றின் முதுமையும்



இவ்வுரைத் தொடரில் இதற்கு முன் பேசியோர் கல்வெட்டையும் ஏட்டுச்சுவடியையும் அச்சுப் புத்தகத்தையும் வரலாற்றுச் சான்றாக எடுத்துக் காட்டினர். நான் எடுத்துக்கொண்டிருப்பது கூரை மேலும் கம்பத்தின் உச்சியிலும் வெயிலிலும் மழையிலும் கிடக்கும் ஓர் இரும்புப் பொருள். அதன் பெயர் சைரன். அதன் ஒலியைப் பற்றிச் சிறிதும், அதன் மேல் பூசப்பட்ட சாயத்தைப் பற்றிச் சற்று விரிவாகவும் பேச எண்ணுகிறேன். சாயத்தில் என்ன வரலாறு என்று வியப்போர் சிறிது பொறுத்தருள வேண்டும்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். மொழிக்கான மன்றத்தில் அதுதானே முறை. கிரேக்கக் காப்பியத்தில் சைரன் என்பது கடலோடிகளைத் தன் பாடலால் மயக்கிப் பாறையில் மோதச் செய்யும் பெண்ணுருவம். 1819ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் கன்யார் த லா தூர், துளையிட்ட வட்டத் தகட்டைச் சுழற்றிக் காற்றை வெட்டி ஒலியெழுப்பும் ஒரு கருவியைச் செய்தார். நீருக்குள்ளும் அது ஒலித்தமையால் கடல்மகளிரின் பெயரை அதற்குச் சூட்டினார். அழைத்துக் கொல்பவளின் பெயர் விரட்டிக் காப்பாற்றும் கருவிக்கு அமைந்தது விந்தைதான். தமிழர் இக்கருவியைக் கண்டபோது கிரேக்கத்தைத் தேடிப் போகவில்லை. 'சங்கு' என்றனர். ஆலைச் சங்கு, மில் சங்கு, நகராட்சிச் சங்கு, அபாயச் சங்கு என்று அச்சொல் தமிழகத்துத் தொழில் நகரங்களில் வேரூன்றியது. போர்க்களத்திலும் கோயிலிலும் பிணத்தின் முன்னும் ஊதப்பட்ட ஒரு பொருளின் பெயர், மின்னோடியால் சுழலும் இரும்புக்கு இயல்பாகவே பொருந்திவிட்டது. கையால் செய்யாத கடற்பொருளுக்கும் கைத்தொழிலால் வார்த்த இயந்திரத்துக்கும் ஒரே வினை: ஊதுதல். மலாய் மொழியிலும் 'செம்போயான்' என்னும் பழஞ்சொல் அடையாள ஒலியைக் குறித்து, பின்னர் அபாய ஒலிக்கும் ஆகி வந்தது. புதுக்கருவிக்குப் பழஞ்சொல்லைக் கொடுக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று.

கருவியின் உட்புறம் எளியது. ஒரு மின்னோடியின் அச்சில் துளைகளோடு கூடிய உருளை ஒன்று சுழலும். அதைச் சுற்றி அதே எண்ணிக்கைத் துளைகளோடு அசையாத ஓர் உறை நிற்கும். துளைகள் நேர்ப்படும்போது காற்று பீறிடும், விலகும்போது அடைபடும். நிமிடத்துக்கு 2,800 சுற்றும் 10 துளைகளும் இருப்பின், நொடிக்கு ஏறத்தாழ 467 முறை காற்று வெட்டுப்படும். அதுவே அச்சங்கின் சுருதி. மறுமுனையில் 12 துளை கொண்ட இன்னோர் உருளையைப் பொருத்தினால் சுருதி 560 ஆகும். இவ்விரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது பிறக்கும் சற்றே துயரம் தோய்ந்த இணையொலிதான் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் கேட்ட ஒலி. 1939 செப்டம்பர் 3ஆம் நாள், போர் அறிவிப்பை வானொலியில் கேட்டு முடித்த சில நிமிடங்களிலேயே இலண்டன் மக்கள் அதைக் கேட்டனர். அன்றைய ஒலி தவறான எச்சரிக்கை. ஏறி இறங்கும் ஒலியானால் ஆபத்து, ஒரே சீராக நீளும் ஒலியானால் ஆபத்து நீங்கிற்று என்பது அவர்களுக்குள் வகுத்துக்கொண்ட முறை. இங்கிலாந்தில் நெல்சன் ஊரின் கார்ட்டர், லெஸ்டர் ஊரின் ஜென்ட் ஆகிய நிறுவனங்கள் இத்தகைய கருவிகளை வார்த்துக் கொடுத்தன.

உருளைக்கும் உறைக்கும் இடையே உள்ள இடுக்கு மிகக் குறுகியது என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் அதற்கு வருவேன்.

பினாங்குத் தீவுக்கு எச்சரிக்கையின்றி வந்த மூன்று நாள்கள் உண்டு. முதலாவது, நமக்கும் சென்னைக்கும் பொதுவானது. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கலங்களின் மீது குண்டு பொழிந்த எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல், அக்டோபர் 28ஆம் நாள் விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அதன் தலைவர் கார்ல் ஃபொன் முல்லர், பொய்ப் புகைபோக்கி ஒன்றை நிறுத்தி, ஆங்கிலக் கப்பல்போலத் தோன்றச் செய்திருந்தார். நங்கூரமிட்டிருந்த செம்சுக் என்னும் ரஷ்யப் போர்க்கப்பலும், திரும்பும் வழியில் மூஸ்கே என்னும் பிரெஞ்சுக் கப்பலும் மூழ்கின. இறந்த ரஷ்ய மாலுமிகளின் நினைவுச் சின்னம் மேற்குச் சாலைக் கல்லறையில் இன்றும் உள்ளது. சென்னையில் எம்டன் ஒரு சொல்லாகவே தமிழுக்குள் நுழைந்துவிட்டது. சூழ்ச்சியும் துணிவும் மிக்கவனை எம்டன் என்று நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பினாங்கில் அது கல்லறையாக நின்றது.

இரண்டாவது நாள் 1941 டிசம்பர் 11. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

டிசம்பர் 8ஆம் நாள் அதிகாலையில் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். அதே விடியலில் சிங்கப்பூரின் மீது குண்டு விழுந்தது. அங்கே வானூர்திகள் வந்தபோது நகரத்தின் தெருவிளக்குகள் அணைக்கப்படாமலேயே எரிந்துகொண்டிருந்தன. 61 பேர் மாண்டனர். ஒத்திகைகள் நடந்த நகரம் அது, கருவிகளும் இருந்தன, ஆனால் உரிய நேரத்தில் உரிய இடத்தில் ஆள் இல்லை. அடுத்த நாள் பட்டர்வொர்த் வானூர்தித் தளம் தாக்கப்பட்டது. நீரிணையின் இக்கரையில் நின்று பினாங்கு மக்கள் புகையைப் பார்த்தனர். 11ஆம் நாள் முற்பகல், ஜோர்ஜ்டவுன் நகரத்தின் மேல் ஜப்பானிய வானூர்திகள் வந்தபோது மக்கள் ஓடி ஒளியவில்லை; தெருவுக்கு வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து, அண்ணாந்து பார்த்தனர். வேடிக்கை பார்த்த கூட்டத்தின் மேலேயே குண்டுகள் விழுந்தன. தீவில் வானூர்தி எதிர்ப்புப் பீரங்கி ஒன்றும் இல்லை. மாண்டோரும் காயமுற்றோரும் ஆயிரக்கணக்கினர். தீ நாள்கணக்கில் எரிந்தது. மருத்துவமும் துப்புரவும் நிலைகுலைந்தன. பிணங்கள் தெருக்களில் கிடந்தன.

கருவியின் வரலாற்றை எழுதுவோர் இவ்விடத்தில் இடறுவர். சங்கு ஊதிற்றா, எப்போது ஊதிற்று என்ற வினாவையே சுற்றிச் சுற்றி வருவர். எனக்கு அதனினும் பெரிய வினா ஒன்று தோன்றுகிறது. ஒலி வந்தால் என்ன செய்வது என்பதை அந்தத் தெருவில் நின்றோர் அறிந்திருந்தனரா? வானத்தில் வரும் பொருள் கொல்லும் என்பதையே கண்டறியாத மக்களுக்கு எந்தச் சங்கும் ஓர் இரைச்சலே. எச்சரிக்கை என்பது ஒலியில் பாதி, கேட்போர் நெஞ்சில் பாதி. ஒத்திகையும் பள்ளிப் பாடமும் வீட்டுப் பேச்சும் இல்லாத இடத்தில் இரண்டாம் பாதி இராது.

அடுத்து நடந்தது நாம் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி. நம் பள்ளிகளில் போதிய அளவு சொல்லப்படுவதில்லை என்பது என் குறை. ஐரோப்பியர் தீவை விட்டு இரவோடு இரவாக வெளியேறினர். டிசம்பர் 16, 17 அளவில் படையும் போய்விட்டது. ஆசிய மக்களுக்கு முன்னறிவிப்பு இல்லை. கார்ன்வாலிஸ் கோட்டையில் மட்டும் பிரிட்டிஷ் கொடி பறந்துகொண்டிருந்தது. அது பறக்கும் வரை குண்டும் விழும். இலங்கைத் தமிழரான மாணிக்கசோதி சரவணமுத்து, ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ இதழின் ஆசிரியர், அக்கொடியை இறக்கினார். ஊர்ப் பெரியவர்களோடு சேர்ந்து நகரைக் காக்கும் குழுவொன்றை அமைத்தார். அழிக்கப்படாமல் விடப்பட்டிருந்த வானொலி நிலையத்தின் வழியே, நகரில் படை இல்லை, குண்டு வீச வேண்டா என்று ஜப்பானியருக்கு அறிவித்தார். டிசம்பர் 19ஆம் நாள் ஜப்பானியர் தீவுக்குள் வந்தனர். பின்னாளில் 'சாரா சாகா' என்ற தம் வாழ்க்கை நூலில் அவர் அந்நாள்களை எழுதி வைத்தார். வானிலிருந்து வரும் ஆபத்தை மக்களுக்குச் சொல்வது சங்கின் வேலை. மக்களின் நிலையை வானில் வருவோருக்குச் சொன்னது இவர் குரல். எச்சரிக்கையின் திசையே மாறிப்போன அந்த மணித்துளியை, ஒலிக்கருவிகளின் வரலாற்றில் நான் முதலிடத்தில் வைப்பேன்.

போரின் கடைசியில் குண்டு வீசியோர் நேசநாட்டினர். ஜப்பானியரும் ஜெர்மானியரும் நீர்மூழ்கித் தளமாக வைத்திருந்த துறைமுகம் அவர்கள் இலக்கு. விக்டோரியா நினைவு மணிக்கூண்டு அக்காலத்துக் குண்டதிர்ச்சியால் சற்றே சாய்ந்தது என்பர். 60 அடி உயரக் கூண்டு. அரசியின் ஆட்சியாண்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி. அச்சாய்வை எவரும் நிமிர்த்தவில்லை. நிமிர்த்தியிருந்தால் கூண்டு அழகாயிருக்கும். போரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

மூன்றாவது நாள் 2004 டிசம்பர் 26. சுமத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 8.58க்கு. பத்து பெரிங்கி, தஞ்சோங் பூங்கா, புலாவ் பெத்தோங் போன்ற கரைகளை அலை அடைந்தது பிற்பகல் 1 மணிக்குப் பிறகு. இடையில் நான்கு மணி நேரம். ஒரு பள்ளியின் காலைப் பருவம் முழுவதும் அதற்குள் அடங்கும். ஞாயிற்றுக்கிழமையானதால் குடும்பங்கள் கடற்கரையில் இருந்தன. மலேசியாவில் மாண்ட 68 பேரில் 52 பேர் பினாங்கினர். அலை பின்வாங்கியபோது தரையில் துள்ளிய மீன்களைப் பார்க்கச் சென்றோரும் அவர்களுள் அடங்குவர். அண்ணாந்து பார்த்த 1941க்கும் குனிந்து பார்த்த 2004க்கும் இடையே 63 ஆண்டுகள்.

அதன் பின்னரே, 2005 முதல், நாட்டின் வானிலை ஆய்வுத் துறை சுனாமி எச்சரிக்கை முறையை அமைத்தது. கடற்கரைகளில் கம்பங்கள் நின்றன. அவற்றின் உச்சியில் மின்னணு ஒலிக்கூம்புகள் அமர்ந்தன. 2012 ஏப்ரல் 11ஆம் நாள் சுமத்திராவுக்கு மேற்கே மீண்டும் பெருநிலநடுக்கம் வந்தபோது எச்சரிக்கை விடப்பட்டு மக்கள் கரையை விட்டு விலகினர். நிலத்தட்டுகள் மேலும் கீழும் அசையாமல் பக்கவாட்டில் நழுவியதால் பேரலை எழவில்லை. வீண் அலைச்சல் என்று முணுமுணுத்தோர் உண்டு. அவர்கள் உயிரோடிருந்து முணுமுணுத்தனர்.

இனி சாயத்துக்கு வருகிறேன். தமிழகத்தார் பெயிண்ட் என்பதை மலேசியத் தமிழர் சாயம் என்கிறோம். இச்சொல்லையே இங்கே ஆள்கிறேன்.

வெளியில் நிற்கும் சங்குக்கு நான்கு பகைகள்: வெயில், நீர், உப்பு, மறதி. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு ஐந்தரைப் பாகைக்கும் குறைவான வடக்கில் இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை. மூன்று பக்கமும் கடற்காற்று வீசும் முனையில் ஜோர்ஜ்டவுன் அமர்ந்திருக்கிறது. காற்றில் வரும் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே மழை ஓய்ந்த பின்னும் இரும்பு நனைந்தே இருக்கும். பினாங்கில் கைவிடப்பட்ட இரும்பு, ஈப்போவில் கைவிடப்பட்ட இரும்பைவிட விரைவில் சாகும்.

வெயில் முதலில் தாக்குவது நிறத்தை அன்று. நிறத்தைப் பிடித்து வைத்திருக்கும் பிசினை. ஒளியின் புற ஊதாக் கதிர் அப்பிசினைச் சிறுகச் சிறுக அரிக்க, நிறத்துகள் பிடியிழந்து பொடியாக மேலே நிற்கும். விரலால் தடவினால் வெண்மாவுபோல் ஒட்டும். பள்ளிக் கரும்பலகையைத் தடவிய விரல்போல. இதைச் சாயம் சுண்ணம் பூப்பது என்று சொல்லலாம். மேற்குப் பக்கமும் உச்சியும் முதலில் பூக்கும். நிழல் விழும் அடிப்பகுதியில் பழைய பளபளப்பு பல காலம் தங்கும். ஆதலின் ஒரு பழைய சங்கின் முதல் நிறத்தை அறிய விரும்புவோன் உச்சியைப் பார்க்கலாகாது. கூம்பின் விளிம்புக்கு அடியில், தாங்குசட்டத்தின் மறைவில் தேட வேண்டும். நிறங்களிலும் வேறுபாடு உண்டு. காவியின் சிவப்பு, அதாவது இரும்பு ஆக்சைடின் சிவப்பு, வெயிலுக்கு அஞ்சாது. பல கரிமச் சிவப்புகள் இளஞ்சிவப்பாக வெளிறும். ஈயக் குரோமேட்டு மஞ்சள் வெளிறுவதற்கு மாறாகக் கருக்கும்.

நீர் தாக்கும் முறை வேறு. தட்டையான பரப்பில் சாயம் தடித்து நிற்கும்; கூர்விளிம்பில் இழுபட்டு மெலியும். அதனால் துரு எப்போதும் விளிம்பிலும் திருகாணித் தலையிலும் பற்றவைப்புத் தழும்பிலும் தொடங்கும். துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்பது. அது சாயத்தைக் கொப்புளமாக மேலே தள்ளும், கொப்புளம் வெடிக்கும், செதில் உதிரும், உதிர்ந்த இடத்தில் மீண்டும் நீர். அலுமினிய உறையில் எஃகுத் திருகாணி போட்ட இடங்களில் உப்புநீர் ஒரு சிறு மின்கலத்தையே ஏற்படுத்திவிடும். அங்கே அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையும். துத்தநாகம் பூசிய இரும்புக்கு எண்ணெய்ச் சாயம் அடித்தால் மற்றொரு கேடு: துத்தநாகமும் எண்ணெய்ப் பிசினும் சேர்ந்து இடையில் சோப்புப்போன்ற படலம் உண்டாகிச் சாயம் தாளாக உரிந்துவரும். கம்பத்தின் சாயம் தோல் உரிந்த பாம்புபோல் தொங்கினால் பூசியவர் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் ஒழுங்காகவே பூசியிருக்கலாம், சாயம்தான் தவறு.

பழைய காலத்தார் இரும்புக்கு முதற்பூச்சாகச் செவ்வீயத்தைப் பூசினர். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த அந்த ஆரஞ்சு நிறப் பூச்சு, துருவை அடக்குவதில் மிகத் திறமையானது. நச்சும் ஆனது. ஆர்வமிக்க மாணவர் எவரும் பழைய சங்கை உப்புத்தாளால் உரசத் தொடங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஈயத் தூளை மூச்சோடு இழுப்பது பிள்ளைகளுக்கு மூளைக்கேடு.

மேற்பூச்சின் நிறத்துக்குப் பின்னாலும் ஒரு கருத்து இருக்கும். போர்க்காலத்தில் வானிலிருந்து கண்ணுக்கு எளிதில் படாத மங்கல் நிறங்கள் விரும்பப்பட்டன. சங்கு கேட்கப்பட வேண்டும், காணப்படலாகாது. போருக்குப் பிந்திய அமெரிக்காவில், அணுகுண்டு அச்சக் காலத்தில், நிலைமை தலைகீழானது. 1952இல் வந்த கிரைஸ்லர் சங்கு 180 குதிரைத்திறன் இயந்திரத்தால் ஓடி, 100 அடி தொலைவில் 138 டெசிபெல் ஒலித்தது. அக்காலச் சங்குகள் பலவற்றுக்குப் பளிச்சென்ற மஞ்சள் பூசினர். அரசு காவல் காக்கிறது என்று மக்கள் கண்ணாலும் காண வேண்டும் என்பது எண்ணம். ஒரே கருவி, ஒரு காலத்தில் ஒளிகிறது, மறுகாலத்தில் தன்னைக் காட்டிக்கொள்கிறது. சாம்பலின் மேல் மஞ்சள் படிந்த ஒரு சாயச் சில்லைக் கையில் வைத்தால் அவ்விரு காலங்களும் அதில் இருக்கும்.

சாயச் சில்லைப் படிக்கும் முறை அருங்காட்சியகங்களில் வழக்கமானது. மயிரிழைத் துண்டொன்றைப் பிசினில் பதித்து, குறுக்கே வெட்டி, உருப்பெருக்கியில் பார்ப்பர். மரத்தின் ஆண்டு வளையம்போல் அடுக்குகள் தெரியும். இரு அடுக்குகளுக்கு இடையே கரும்புழுதிக் கோடு இருந்தால், அவ்வளவு காலம் பூசாமல் கிடந்தது என்று பொருள். அடிப்பூச்சுக்குக் கீழேயே துரு இருந்தால், துடைக்காமல் பூசிவிட்டனர் என்று பொருள். பராமரிப்பேட்டில் ஒழுங்காகக் கையொப்பம் இருக்கலாம். சாயம் பொய்க் கையொப்பம் இடாது.

நான் செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவன். எங்கள் ஆலையின் கூரையில் ஒரு சங்கு இருந்தது. விடியுமுன் அது ஊதும். பெண்கள் அடுப்பு மூட்டுவார்கள். இரண்டாம் ஊதலுக்குப் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். ஒரு முறை பெரிய மனிதர் எவரோ வருகிறார் என்று ஆலை முழுவதும் சாயம் அடித்தனர், சங்குக்கும் அடித்தனர். முன்பு நான் நினைவில் வைக்கச் சொன்ன இடுக்கு, உருளைக்கும் உறைக்கும் நடுவில் உள்ளது, சாயத்தால் அடைபட்டுப் போயிற்று. மறுநாள் விடியலில் சங்கு ஊதவில்லை, உறுமிற்று, மின்காப்புக் கம்பி எரிந்தது. பாதி லயன் தூங்கிவிட்டது. என் தகப்பனார் உட்படப் பலர் அன்று அரைநாட் கூலி இழந்தனர். கூரையில் சங்கு மட்டும் புது மணப்பெண்போல் மின்னிக்கொண்டிருந்தது.

பழைய சங்குகளைப் பற்றிப் பேசுவோர் இரு கட்சியாவர். புதிதாகச் சாயம் அடித்துப் பளிச்சென்று நிறுத்துவதே மரியாதை என்பர் ஒரு சாரார். துருவையும் விடாமல் அப்படியே வைப்பதே உண்மை என்பர் மற்றொரு சாரார். நான் எக்கட்சியிலும் முழுமையாக இல்லை. கடற்கரையில் உயிர்காக்க நிற்கும் சங்குக்குப் பழமையின் அழகு வேண்டா. அதற்கு மாதந்தோறும் ஓட்டிப் பார்ப்பதும், குளவிக்கூட்டை அகற்றுவதும், மின்கலத்தை மாற்றுவதும், கடலோரத்துக்குத் தக்க ஏறத்தாழ 300 மைக்ரோன் தடிப்புள்ள பூச்சும் வேண்டும். ஓய்வுபெற்ற சங்கின் நிலை வேறு. 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பிப்பு நிற்க வேண்டும் என்றும், ஒரு பொருளின் மேல் படிந்த எல்லாக் காலங்களின் பங்கையும் மதிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அப்படியானால் மேலடுக்கைச் சுரண்டி 'மூல நிறத்துக்கு' கொண்டுபோவதும், எல்லாவற்றையும் மூடிச் சிவப்படிப்பதும் ஏறத்தாழ ஒரே தவறுதான். துருவின் ஓட்டத்தை மட்டும் நிறுத்தி, தளர்ந்த சாயத்தை ஒட்டவைத்து, மழைபடாத இடத்தில் வைப்பதே போதும். துருவை வளரவிட்டு அதற்கு உண்மை என்று பெயர் சூட்டுவதும் எனக்கு உடன்பாடன்று. அது சோம்பலுக்குக் கிடைத்த நல்ல பெயர்.

ஜோர்ஜ்டவுன் 2008 ஜூலையில் மலாக்காவோடு உலக மரபுடைமை நகரமானது. அதன் பின் இங்கே சாயம் ஒரு பொதுப்பேச்சு ஆயிற்று. பழைய கடைவீட்டுச் சுவருக்கு நவீனச் சாயம் அடித்தால் சுவரின் ஈரம் வெளியேற வழியின்றிக் காரை உப்பி உதிரும். சுண்ணாம்பே பூச வேண்டும் என்பதைக் கொத்தனார் முதல் வீட்டுக்காரர் வரை இன்று பலரும் அறிவர். சுவருக்கு மூச்சுவிடும் பூச்சு வேண்டும். இரும்புக்கு மூச்சை அடைக்கும் பூச்சு வேண்டும். சுவரைப் பற்றிய அறிவு ஊரில் பரவிய அளவுக்கு இரும்பைப் பற்றிய அறிவு பரவவில்லை. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் கட்டடத்தோடு பொருளையும் மரபுடைமையாக ஏற்கிறது. எனினும் பழைய ஆலை மூடப்படும்போது முதலில் வருவது பழைய இரும்பு வாங்குவோரின் லாரியே.

இந்தியாவில் 2025 மே 7ஆம் நாள் 244 மாவட்டங்களில் குடிமைப் பாதுகாப்பு ஒத்திகை நடந்தபோது, பல ஊர்களில் ஆண்டுக்கணக்கில் ஊதாமல் கிடந்த சங்குகளை ஓடுமா ஓடாதா என்று அவசரமாகப் பார்க்க வேண்டியதாயிற்று. 2023 ஆகஸ்டில் ஹவாயின் லகாய்னா நகரம் எரிந்தபோது அங்கே நடந்தது வேறு. அங்குள்ள சங்குகள் ஊதப்படவேயில்லை. சுனாமிக்கென்றே பழகிய ஒலியைக் கேட்டால் மக்கள் மலைப்பக்கம், அதாவது தீயை நோக்கி, ஓடிவிடுவர் என்று அதிகாரிகள் காரணம் கூறினர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். காரணம் சரியா தவறா என்று அவர்கள் நாட்டில் இன்னும் வாதம் ஓயவில்லை. நம் பிள்ளைகளிடம் ஒரு வினாவைக் கேட்டுப் பார்க்கலாம்: பத்து பெரிங்கியில் நிற்கும்போது சங்கு ஊதினால் எப்பக்கம் ஓடுவாய்?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில், பழைய ஆலையிலோ தீயணைப்பு நிலையத்திலோ தோட்டத்திலோ, இத்தகைய சங்கு ஒன்று இருந்தால், உரியவரிடம் இசைவு பெற்று, தொடாமல் படம் எடுக்கச் செய்யுங்கள். நான்கு திசைக்கு ஒவ்வொன்று, அடிப்பக்கம் ஒன்று. செய்தவர் பெயரும் மின்னழுத்தமும் பொறித்த தகடு பெரும்பாலும் சாயத்துக்குள் புதைந்திருக்கும். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் எழுத்தின் மேடு பள்ளம் தெரியும். அவ்வொலியைக் கேட்டு வளர்ந்த முதியோரிடம், அதை அவர்கள் எந்தச் சொல்லால் அழைத்தனர் என்று கேட்டு எழுதுங்கள். சங்கு என்றனரா, ஊதல் என்றனரா, சைரன் என்றனரா என்பது ஊருக்கு ஊர் மாறும். அகராதிக்காரர் ஒருவரும் இதுவரை அதைக் கேட்டுப் போகவில்லை.

எங்கள் ஆலை பிற்காலத்தில் இடிக்கப்பட்டது. சங்கு எடைக்குப் போயிற்று. அது பச்சை நிறம் என்பது என் நினைவு. என் தமக்கையார் சிவப்பு என்கிறார். உறுமிய அந்த விடியலில் மின்னிய நிறம் எது என்பதில் இன்றும் எங்களுக்குள் வழக்கு உண்டு. தீர்த்துவைக்க நகக்கண் அளவுச் சாயச் சில்லு ஒன்று போதும். அது எங்கும் இல்லை.